ஐந்தாவது ஆள்

சிவமயம்

ஜெலுத்தோங், பினாங்கு
22 செப்டம்பர் 1985

அன்புள்ள தங்கச்சி தவமணிக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் வாத்தியாராக இருந்த நான் பதில் தெரியாமல் நின்ற கேள்வி.

நேற்று பாசாரில் செபாஸ்டியனைப் பார்த்தேன். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், என் கூட்டாளி, உனக்கு நினைவிருக்கும். மீன் கடை முன்னால் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டான்: "வாத்தியாரே, ஒங்க தங்கச்சி நோர்வேல பெரிய வெளயாட்டுக்காரின்னு சொல்றீங்க. ஐஸ் மேல ஒருத்தி கல்லத் தள்ளுறா, ரெண்டு பேரு தொடப்பத்தால முன்னால கூட்டிக்கிட்டே ஓடுறாங்க. இதுல வெளயாடுறது யாருலா?"

மீன்காரனும் வெட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "எழுதிக் கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன்.

நீ அனுப்பிய படத்தை அண்ணி கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள். ஆனால் உன் கையில் இருக்கும் துடைப்பம் தெரியாதபடி பூச்சாடியை நகர்த்தி வைத்துவிட்டாள். "நர்ஸ் வேலைக்குப் படிச்ச பொண்ணு கையில தொடப்பத்தோட நின்னா பார்க்கிறவங்க என்ன நெனப்பாங்க?" என்கிறாள். நான் தினமும் சாடியைத் தள்ளி வைக்கிறேன். அவள் தினமும் திருப்பி வைக்கிறாள்.

தீவுக்கும் கரைக்கும் நடுவே கட்டிய பாலத்தைத் திறந்துவிட்டார்கள். செபாஸ்டியன் சுங்கை பாக்காப்பில் இருக்கும் மகள் வீட்டுக்கு அதன் வழியாகத்தான் போய் வந்தான். கடலைக் கடந்தது போலவே இல்லை என்று குறைப்படுகிறான்.

நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளை ஆர்னேயும் சுகந்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புள்ள அண்ணன்,
குலசேகரம்

*

ஒஸ்லோ
9 அக்டோபர் 1985

அன்புள்ள அண்ணா, அண்ணி இருவருக்கும்,

தவமணி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை ஆர்னேவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பூச்சாடியை நினைத்து நினைத்துச் சிரிக்கிறார்.

இந்தக் கர்லிங் ஆட்டத்தைப் பற்றி செபாஸ்டியன் அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள். கல்லைத் தள்ளுகிறவள் அதற்குத் திசையும் வேகமும் கொடுக்கிறாள். கைவிட்ட பிறகு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் பிறகு கல் எங்களுடையது. முன்னால் தேய்த்துக்கொண்டே போனால் கல் தூரம் போகும், வளைவது குறையும். விட்டுவிட்டால் வளையும், சீக்கிரம் நிற்கும். அந்தக் கோடியில், கல் போய்ச் சேர வேண்டிய வட்டத்துக்குள் நிற்கும் எங்கள் தலைவி இங்கெர் 'தேய்', 'விடு' என்று கத்துவாள். ஆக, விளையாடுவது எல்லோரும்தான்.

அண்ணா, அந்தக் கல்லின் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அரங்கின் பனித்தடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்னே அதன் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து, அவை சின்னச் சின்னப் பொட்டுகளாக உறையும்படி விடுவார். அந்தப் பொட்டுகளின் மேல் இருபது கிலோ கருங்கல் உறுமிக்கொண்டு வரும். பாதம் வழியாகவே அது என் எலும்புக்குள் வந்துவிடும். நான் கல்லுக்கு முன்னால் ஒரு முழத்தை மட்டும்தான் பார்ப்பேன். வட்டத்தைப் பார்க்க நேரமிருக்காது. இங்கெரின் குரல்தான் எனக்குக் கண்.

வலப்பக்கம் சுழற்றி விட்டால் கல் வலப்பக்கமே வளையும். இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முழங்கால் பரவாயில்லை. குளிர் தொடங்கினால் கொஞ்சம் முனகும். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. இங்கெர் இந்த ஆண்டு சில்யே என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணையும் எங்களோடு பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறாள். அணிக்கு நாலு பேர்தான், நான் இரண்டாம் ஆள். ஐந்தாவது ஆள், யாருக்காவது முடியாமல் போனால் இறங்க வேண்டும். சில்யே மான் குட்டி மாதிரி ஓடுகிறாள். நவம்பர் முதல் வாரம் தேர்வு ஆட்டம். அதில் வென்றால் மார்ச்சில் தேசியப் போட்டி. முப்பத்தொரு வயதில் துடைப்பம் பிடித்தவள் நான். இன்னும் ஒரே ஒரு தேசியப் போட்டியில் ஆடிவிட்டால் போதும் என்று இருக்கிறது.

அண்ணியின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

தங்கச்சி,
தவமணி

*

ஜெலுத்தோங்
24 அக்டோபர் 1985

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். அண்ணிக்கு மூச்சு பரவாயில்லை.

நீ சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அண்ணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கூடத்தில் சவர்க்கார நீரை ஊற்றி, எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, வலப்பக்கம் சுழற்றித் தள்ளினேன். டம்ளர் இடப்பக்கம் வளைகிறது! திரும்பத் திரும்பத் தள்ளினேன், திரும்பத் திரும்ப இடப்பக்கமே. செபாஸ்டியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அங்க இருக்கிற கல்லு நோர்வே கல்லு, இது நம்ம ஊரு டம்ளர். சொன்னா கேக்குமா?" என்றான். அதற்குள் அண்ணி திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மிச்சத்தை நான் எழுதவில்லை.

இருவரில் ஒருவர் தப்பாகச் சொல்கிறோம். யார் என்று எழுது.

தேர்வு ஆட்டத்துக்கு அம்மன் துணையிருப்பாள். நேற்று சூலியா தெருவில் பழைய புத்தகக் கடைக்குப் போனபோது கடைக்காரரிடமும் சொல்லி வைத்தேன். நோர்வே நாட்டுப் படப்புத்தகம் ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

தீபாவளிக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறோம்.

அண்ணன்

*

ஒஸ்லோ
19 நவம்பர் 1985

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். முறுக்கு பாதிக்கு மேல் உடையாமலே வந்தது. அண்ணிக்கு என் நன்றி.

தேர்வு ஆட்டம் முடிந்தது. நம் அணி வென்று தேசியப் போட்டிக்குப் போகிறது. கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமம். மேலிருந்து பார்த்தால் வட்டங்கள் பெரிய தாம்பாளம் போலிருக்கும். அதில் எதிரணியின் கற்கள் இரண்டு, நம்முடையது ஒன்று. வழியை மறித்து இன்னொரு கல். தலைவிக்குரிய கடைசிக் கல்லை இங்கெர் தள்ளினாள்; அது அந்தக் கல்லை உரசாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நடுவில் நின்றது. பக்கத்துத் தடத்தில் ஆடிய ஆண்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் கைதட்டுவது தெரிந்தது. காபி ஆறிப்போனதை நான் கவனிக்கவே இல்லை.

சில்யே நன்றாகத் தேய்க்கிறாள். அவள் தோள் அசைவு பார்க்க அழகாக இருக்கிறது.

இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கச்சி,
தவமணி

*

ஜெலுத்தோங்
5 டிசம்பர் 1985

அன்புள்ள தங்கச்சி தவமணிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன்.

அணி வென்ற செய்தியை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷம். நான் உன் கடிதத்தை மறுபடியும் தனியாகப் படித்தேன். முந்திய கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. ஒரு வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குக் கூட்டிப்போய் வந்து, 'கடலில் குளித்தேன்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நேசமலர் என்று ஒரு பெண்பிள்ளை வெகு அழகாக எழுதியிருந்தாள். அலை எந்தப் பாறைவரைக்கும் வந்தது, யார் யார் கைகோத்து நின்றார்கள், யார் செருப்பை அலை கொண்டுபோனது, எல்லாம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் எழுதியதில் இதில் பாதிகூட இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒன்றை எழுதியிருந்தார்கள்: வாயெல்லாம் உப்புக் கரித்தது, கண் எரிந்தது. நேசமலர் அதை எழுதவில்லை. பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, அவளுக்குக் காதில் சீழ். தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இது ஏன் இப்போது ஞாபகம் வந்ததோ தெரியவில்லை. வயதானால் இப்படித்தான்.

மார்ச் மாதம் நானே அங்கு வந்து உன்னைப் பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. டம்ளர் வழக்கும் தீராமல் கிடக்கிறது. ஆர்னேயிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்

*

ஒஸ்லோ
14 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வார்டில் இரண்டு பேர் விடுமுறை. தைப்பொங்கல் வாழ்த்துகள்.

மார்ச்சில் வர வேண்டாம். இங்கே குளிர் உங்களுக்கு ஆகாது. மூக்கு நுனி உறைந்துவிடும். அண்ணியைத் தனியாக விட்டுவிட்டு வருவதும் சரியில்லை. கோடையில் வாருங்கள். ஜூலையில் இங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மலைக்குப் போகலாம்.

ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

தவமணி

*

ஜெலுத்தோங்
30 ஜனவரி 1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

தைப்பூசம் நல்லபடி முடிந்தது. தண்ணீர்மலை ஏறி இறங்கினேன். கால் வலித்தாலும் மனசு லேசாக இருக்கிறது. அண்ணி பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்தாள். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க அர்ச்சனை செய்தோம்.

நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். கோபிக்காதே. நேற்றுத்தான் எடுத்தேன். மார்ச் 15 அங்கு வந்து இறங்குவேன். அண்ணி சுங்கை பாக்காப்பில் செபாஸ்டியன் மகள் வீட்டில் இருப்பாள். அவளே போட்ட ஏற்பாடு. "போய்ப் பாத்துட்டு வாங்க, பொண்ணு கையெழுத்தே சரியில்ல" என்றாள். கம்பளிச் சட்டை ஒன்றை செபாஸ்டியன் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருக்கிறான். அதில் மூன்று குலசேகரங்கள் நுழையலாம்.

உன்னிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஆட்டத்தின் சட்டதிட்டம் எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பேச்சும் புரியாது. பார்க்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்தால் கோயில் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளைபோல விழிப்பேன். ஆகவே ஒரு ஆட்டத்துக்காவது நீ ஆடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, இது இன்னது என்று சொல்ல முடியுமா? அந்தப் பெண் சில்யே உனக்குப் பதில் இறங்கட்டும். இங்கெரிடம் கேட்டுப் பார். முடியாது என்றால் பரவாயில்லை.

அன்புள்ள அண்ணன்,
குலசேகரம்

*

ஒஸ்லோ
21 பெப்ரவரி 1986

அன்புள்ள அண்ணா,

வணக்கம். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் போட வேண்டும்.

நான் ஆடவில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து ஆடவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லி எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதன் வழியாக நழுவிப் போய்விடலாம், நீங்களும் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். அதனால்தான் நழுவ முடியவில்லை.

அன்றைக்குப் பயிற்சி முடிந்து இங்கெர் என்னைத் தன் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். எங்கள் வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "கடைசி இரண்டு சுற்றில் உன் கால் கல்லோடு ஓட மறுக்கிறது. நீ அதைப் பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன்" என்றாள். அவள் சொன்னது உண்மை. சண்டை போடக்கூட இடமில்லாத உண்மை. சில்யே இரண்டாம் ஆள் ஆனாள். நான் ஐந்தாவது ஆள். இந்த ஆண்டு யாருக்கும் ஒரு சளி தடுமல்கூட வரவில்லை.

ஆடாதவர்கள் உட்காரும் அறை தடத்துக்கு மேலே இருக்கிறது. தடித்த கண்ணாடி. உள்ளே ஹீட்டர், காபி. கீழே அவர்கள் வாய் திறந்து கத்துவது மீன் தொட்டியில் மீன்கள் வாய் அசைப்பது போலத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் நான் பின்கதவு வழியாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உங்களிடம் ஏன் மறைத்தேன்? நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டீர்கள், உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று முதலில் நினைத்தேன். அது முழு உண்மையில்லை. ஆஸ்பத்திரியில் நான் வேறு நாட்டு நர்ஸ். பஸ்ஸில் நான் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் பெண். தடத்தில்தான் இத்தனை காலம் வெறும் இரண்டாம் ஆளாக இருந்தேன். அதுவும் போன பிறகு, உங்களுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் நான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தேன். அதையும் விட மனசு வரவில்லை.

இவ்வளவு தூரம் வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பிள்ளை நேசமலருக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?

தவமணி

*

ஜெலுத்தோங்
3 மார்ச் 1986

அன்புள்ள என் தங்கச்சிக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், எனக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும்.

உன் நவம்பர் கடிதம் டிசம்பர் தொடக்கத்தில் என் கைக்கு வந்தது; அதில் கல்லின் சத்தம் இல்லை. டிக்கெட்டை ஜனவரிக் கடைசியில்தான் எடுத்தேன். தெரிந்த பிறகு எடுத்த டிக்கெட். அதை எதற்குத் திருப்பிக் கொடுப்பது?

நேசமலருக்கு முழு மதிப்பெண் போட்டேன். அவள் அளவுக்கு யாரும் கவனித்துப் பார்க்கவில்லை. கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன்: 'கரையில் உன்னோடு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் அடுத்த முறை எழுது.' அவள் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து, "யாரும் இல்லை சார்" என்றாள்.

15ஆம் தேதி சந்திப்போம். அண்ணி கத்தரிக்காய் வற்றல் கட்டித் தந்திருக்கிறாள்.

அண்ணன்

*

ஒஸ்லோ
24 மார்ச் 1986

அன்புள்ள செபாஸ்டியனுக்கு,

உன் கூட்டாளி குலசேகரம் பனிக்கு நடுவிலிருந்து எழுதுகிறேன். நீயும் வீட்டாரும் நலமா? என் வீட்டுக்காரி உன் மகளை அதட்டாமல் இருக்கிறாளா?

முதலில் டம்ளர் வழக்கு. நான் தோற்றேன். தங்கச்சி புருஷன் ஆர்னே காலையில் யாரும் இல்லாத நேரத்தில் என்னைத் தடத்தில் நிற்க வைத்துத் தள்ளிக் காட்டினார். கல் வலப்பக்கம்தான் போகிறது. டம்ளர் ஏன் இடப்பக்கம் போகிறது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் தலையைச் சொறிந்துகொண்டோம். நல்ல மனிதர்.

தவமணி இந்த ஆண்டு ஆடவில்லை. முழங்கால். அவளே உன்னிடம் சொல்லச் சொன்னாள். "செபாஸ்டியன் அண்ணன்கிட்ட நீங்களே எழுதிடுங்க, பாசார்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும், எனக்கு வேல மிச்சம்" என்றாள்.

முக்கியமான சங்கதி முந்தாநாள் நடந்தது. தேசியப் போட்டியில் இவள் அணி ஆடித் தோற்றது. நாங்கள் மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். இவள் எனக்கு ஒவ்வொரு கல்லையும் விளக்கிச் சொன்னாள். கீழே இருப்பவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று அவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து, "வாங்க அண்ணா, பின்பக்கமா போவோம், பஸ்ஸு போயிரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கீழே பார்த்தால் நீளமாக மேசை போட்டு, ரொட்டி, மீன், சூப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். இரண்டு அணியும் வந்து உட்காருகிறது. நமக்குப் பந்தி என்றால் தெரியாதா? சாப்பாடு போட்டிருக்கும்போது பின்கதவால் போவது எந்த ஊர் மரியாதை? நான் விறுவிறுவென்று இறங்கிப் போய் முதலில் கண்ணில் பட்ட காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ இரவல் வாங்கித் தந்த கம்பளிச் சட்டை இரண்டு நாற்காலிக்கு வந்தது.

இவர்கள் வழக்கம் எனக்கு எங்கே தெரியும்? தலைவிக்கு எதிரே எதிரணித் தலைவி, இரண்டாம் ஆளுக்கு எதிரே இரண்டாம் ஆள் என்று உட்கார வேண்டுமாம். வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை வாங்கித் தர வேண்டுமாம். நான் போய் உட்கார்ந்தது இரண்டாம் ஆளுடைய இடம். சில்யே சூப்புக் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து நிற்கிறாள். தவமணி ஓடி வந்தாள், முகமெல்லாம் சிவந்து.

"அண்ணா, எழும்புங்க. அது ரெண்டாவது ஆளோட எடம்."

"வீட்டுல நான் ரெண்டாவது புள்ளதானே?" என்றேன்.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை செபாஸ்டியன், அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த எதிரணிப் பெண், கெர்ட் என்று பெயர், நரைத்த தலை, உன்னைவிட அகலமான தோள், என்ன விஷயம் என்று கேட்டாள். தவமணி மொழிபெயர்த்துச் சொன்னாள். மேசை முழுக்கச் சிரித்தது. கெர்ட் மட்டும் சிரிக்காமல் இவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். கெர்ட் மேசையில் ஒரு தட்டுத் தட்டித் திரும்பவும் ஏதோ சொன்னாள்.

அப்புறம் வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு விளக்கினாள். கெர்ட் கேட்டது: "இத்தன வருஷமா எனக்கு எதிர்ல நீதானே சாப்பிட்ட? இந்த சீசன் பூரா எங்க போயிட்ட?" இவள் சொன்னது: "நான்தான் ஆடலையே." அதற்குக் கெர்ட்: "நான் ஆட்டத்தையா கேட்டேன்? சாப்பாட்டக் கேட்டேன்."

சில்யே போய் இரண்டு நாற்காலி தூக்கி வந்தாள். ஒன்றைத் தவமணிக்கு, கெர்ட்டுக்கு நேர் எதிரே போட்டாள். தான் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தலைவி இங்கெர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் இவள் தட்டில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தாள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் ஒன்றும் இல்லை.

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஆர்னே வந்து கூட்டிப் போனார்.

மற்றவை நேரில்.

குலசேகரம்

*

ஒஸ்லோ
19 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

நான் நலம். ஆர்னேயும் நலம். அண்ணா பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் ஆர்னே இப்போது யாரையும் உட்கார விடுவதில்லை.

இங்கெர் வீட்டுக்கு வந்தாள். அடுத்த பருவமும் ஐந்தாவது ஆளாக இருப்பாயா என்று கேட்டாள். சரி என்றேன். ஆனால் மேலே உட்கார மாட்டேன், தடத்தின் ஓரத்தில் பெஞ்சு போடு என்றேன். "குளிருமே" என்றாள். "குளிரட்டும்" என்றேன்.

புதன்கிழமைகளில் வயதானவர்கள் ஆடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கெர்ட்டின் கணவர் என்னையும் சேர்த்துக்கொண்டார். யாரும் ஓடுவதில்லை, வேகமாக நடப்பார்கள், அவ்வளவுதான். இந்தப் புதன்தான் முதல் ஆட்டம். படுதோல்வி. என் கல் ஒன்று பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கெர்ட் ஓரத்தில் நின்றுகொண்டு, "அதற்குத் தூக்கம் வருகிறது, எழுப்பாதே" என்று கத்தினாள். முழங்கால் வீங்கி, இரண்டு நாள் வார்டில் நொண்டினேன். ராத்திரியில் வலி தாங்காமல் கொஞ்சம் அழுதேன். வலிக்காக மட்டும் அழுததாகச் சொல்ல முடியாது. அடுத்த புதனும் போவேன்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கச்சி,
தவமணி

*

ஜெலுத்தோங்
4 மே 1986

அன்புள்ள தங்கச்சி தவமணிக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இல்லை. உங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் இன்னும் போகவில்லை. அண்ணிக்கும் கொடுத்துவிட்டேன். அவள் அதற்காக என்னோடு பேசாமல் இருக்கிறாள். இரவில் இருமிக்கொண்டு விழித்திருக்கும்போது, நீ இவ்வளவு தூரத்தில் இருக்கிறாயே என்று இருக்கிறது. நீ நோர்வேக்குப் போன காலத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. மற்றபடி சாப்பிடுகிறேன், நடக்கிறேன், செபாஸ்டியனோடு வாதாடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. 'நான் நலம்' என்று தொடங்கியிருக்கிறாய். மூன்றாவது பத்தியில் முழங்கால் வீங்கியிருக்கிறது, நீ அழுதிருக்கிறாய். முதல் வரியை நம்பி மடித்து வைத்திருந்தால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் யாராவது 'நலம், நலமறிய ஆவல்' என்றா தொடங்குகிறார்கள்? எங்கே வலிக்கிறது என்று கையை வைத்துக் காட்டுகிறார்கள். முகம் தெரியாத டாக்டருக்குக் கொடுக்கிற அந்த உரிமையைக் கூடப்பிறந்தவர்களுக்குக் கொடுக்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

தோற்ற செய்தியை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கோபத்தை மறந்து, "காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க" என்றாள். ஆர்னேவுக்கு எங்கள் அன்பு. கெர்ட்டுக்கும்.

அண்ணன், அண்ணி இருவரின் ஆசியோடு இங்கே முடிக்கிறேன். அடுத்த கடிதம் எழுத உட்காரும்போது, அன்றைக்கு உனக்குச் சரியாகப் போகாத ஒன்றை முதல் வரியாக எழுதிப் பார்.